சாறு உறிஞ்சும் பூச்சிக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: பயறு போடுகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மியான்மரில் பெகு, தட்டோன், மோல்மேன் பக்கம் மழைக்கால நெல்லை அறுத்த கையோடு, வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்தும் பாசிப்பயறும் விதைத்துவிடுவோம். பனி இறங்கும் மாதங்களில் செடி தழைத்துப் பூக்கும். அதே நேரத்தில்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் வந்து சேரும். அப்புறம் டீக்கடையில் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

சில வருடங்களாக அந்தப் பேச்சில் ஒரு புது விஷயம் கலந்திருக்கிறது. "பூச்சிக்குள்ளே ஒரு கிருமி இருக்குதாம், அதுதான் செடியை மஞ்சளாக்குதாம்" என்பார் ஒருவர். "அப்படின்னா பூச்சிக்கு ஏன் மருந்து அடிக்கணும், அந்தக் கிருமிக்கு மருந்து அடிச்சாப் போதுமே" என்பார் இன்னொருவர். மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கரைத்து அடிக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பூச்சிக்குள் பாக்டீரியா வாழ்வது உண்மை. மற்றதெல்லாம் தனித்தனி விஷயங்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டியதால் வந்த குழப்பம். இந்தக் குழப்பத்தில் காசும் போகிறது, பயிரும் போகிறது, மனிதர்கள் காய்ச்சலுக்குச் சாப்பிட வேண்டிய மருந்து மண்ணில் கொட்டப்படுகிறது. ஆகவே அடியிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

செடியின் சாற்றில் என்ன இருக்கிறது?

இலை வெயிலில் சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையைத் தண்டுக்கும் வேருக்கும் காய்க்கும் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களுக்குப் புளோயம் என்று பெயர். அசுவினியின் வாய் ஓர் ஊசி. தலைமுடியை விட மிகவும் மெல்லியது. அதைச் செடியின் செல்களுக்கு இடையே மெதுவாக நுழைத்துப் புளோயக் குழாயைத் தேடிப் பிடிக்கும். குழாய் அகப்பட்டுவிட்டால் உறிஞ்சக்கூட அதிகம் மெனக்கெட வேண்டாம். குழாய்க்குள் இருக்கிற அழுத்தமே சாற்றைப் பூச்சிக்குள் தள்ளிவிடும்.

கேட்பதற்குச் சொகுசான வாழ்க்கை மாதிரித் தெரியும். ஆனால் ஒரு வீட்டில் மூன்று வேளையும் பனைவெல்லம் கரைத்த தண்ணீர் மட்டும்தான் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு கிடையாது, மீன் கிடையாது, கருவாடு கிடையாது. பிள்ளைகள் ஓடியாடத் தெம்பு இருக்கும், உடம்பு மட்டும் வளராது. புளோயச் சாறு அப்படிப்பட்ட சாப்பாடு. சர்க்கரை கொட்டிக் கிடக்கிறது, உடம்பைக் கட்டும் சத்து மிகக் குறைவு.

உடம்பைக் கட்டுவது புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளைக் கோத்துச் செய்த சங்கிலி. மொத்தம் 20 வகைத் துண்டுகள் வேண்டும். அவற்றில் ஏறக்குறைய பாதியைப் பிராணிகளின் உடம்பு தானே செய்துகொள்ளும். மீதிப் பாதியைச் செய்ய அதற்குத் தெரியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். இவற்றை அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம். இந்த விஷயத்தில் மனிதனும் அசுவினியும் ஒரே நிலைமைதான். புளோயச் சாற்றில் அமினோ அமிலம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பகுதி பூச்சி தானே செய்துகொள்ளக்கூடிய வகை. இல்லாமல் முடியாத வகைதான் போதாமல் போகிறது.

இப்போது ஓர் உளுந்துக் கொத்தைக் கிட்டே வைத்துப் பாருங்கள். காம்பை ஒட்டி, பிஞ்சுக் காயின் மேல், கறுப்பாக மினுமினுக்கிற அசுவினிகள் தோளோடு தோள் நெருக்கி உட்கார்ந்திருக்கும். நடுநடுவே சாம்பல் பூசினாற்போல மங்கலாக இருப்பவை குஞ்சுகள். ஒன்றின் பின்பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெளிந்த சொட்டு ஒன்று திரளும். எறும்பு வந்து அதை எடுத்துக்கொண்டு போகும். எறும்பு எடுக்காத சொட்டுகள் கீழ் இலையில் விழுந்து பிசுபிசுக்கும், அதன் மேல் கரும்பூசணம் படரும். தேன்துளி என்று சொல்லப்படுகிற அந்தச் சொட்டு, பூச்சி வேண்டாம் என்று வெளியே தள்ளும் சர்க்கரை. கொஞ்சூண்டு சத்துக்காக அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது, மிஞ்சிய இனிப்பைக் கழிக்கிறது.

அவ்வளவு குடித்தும் அந்த ஒரு பாதிச் சத்து போதாது. ஆனால் அதே அசுவினி பிறந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் முழு வளர்ச்சி அடைந்து, நாளுக்குப் பல குஞ்சுகளைப் போடுகிறது. அந்தச் சத்து எங்கேயிருந்தோ வந்தாக வேண்டும்.

இதுவரை: சாறு உறிஞ்சும் பூச்சிக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்கிறது. புரதம் செய்ய வேண்டிய சில அத்தியாவசியத் துண்டுகள் சாற்றில் போதாது. அவற்றைப் பூச்சியால் செய்யவும் முடியாது.

உடம்புக்குள்ளே ஒரு குடித்தனம்

அசுவினியின் வயிற்றுப் பகுதிக்குள், குடலுக்கு வெளியே, வழக்கத்தைவிடப் பெரிய செல்கள் சில கூட்டமாக இருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். முட்டைக்கரு மாதிரியான ஏதோ சேமிப்பு என்று நினைத்தார்கள். 1910இல்தான் இத்தாலியில் உம்பெர்த்தோ பியெராந்தோனியும் செக் நாட்டுப் பகுதியில் காரெல் ஷுல்ட்ஸும் தனித்தனியே ஆராய்ந்து, அந்தச் செல்களுக்குள் நிறைந்திருப்பவை நுண்ணுயிர்கள் என்று சொன்னார்கள். பிறகு பால் புக்னர் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் தன் வாழ்நாள் முழுவதும் பூச்சி பூச்சியாகத் திறந்து பார்த்து, இப்படிப்பட்ட உள்குடித்தனம் எத்தனை வகைப் பூச்சிகளில் இருக்கிறது என்று பதிவு செய்தார். அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு 1991இல் பெயர் சூட்டியபோது அவர் நினைவாகவே புக்னெரா என்று வைத்தார்கள்.

ஒரு உயிருக்குள் அல்லது அதை ஒட்டி நெடுங்காலம் சேர்ந்து வாழும் இன்னொரு உயிரைக் கூட்டுயிரி என்கிறோம். புக்னெரா அசுவினியின் கூட்டுயிரி. அது வாழும் அந்தப் பெரிய செல்லுக்குப் பாக்டீரியோசைட் என்று பெயர். பாக்டீரியாவை வைத்துக்கொள்வதற்கென்றே அசுவினியின் உடம்பு தனியாக வளர்க்கிற செல். ஆய்வுக்கூடங்களில் அதிகம் ஆராயப்பட்ட பட்டாணி அசுவினியில் இப்படி 60 முதல் 90 செல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் புக்னெரா அடைந்திருக்கும்.

உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கல் இதுதான். சாற்றில் கிடைக்கும் சாதாரண அமினோ அமிலங்களையும் சர்க்கரையையும் அசுவினி பாக்டீரியோசைட்டுக்குள் அனுப்புகிறது. தன் உடம்பில் கழிவாக உண்டாகும் அம்மோனியாவைக்கூட வீணாக்காமல் அந்தச் செல்களில் திரும்ப அமினோ அமிலமாக மாற்றிக்கொள்கிறது. புக்னெரா அவற்றை எடுத்து, அசுவினியால் செய்ய முடியாத அத்தியாவசிய அமினோ அமிலங்களாக மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. பனைவெல்லத் தண்ணீரில் பருப்புக் குழம்பு வைத்துக் கொடுக்கிற ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் அல்லவா? அந்த முடிச்சுக்குள்ளும் பாக்டீரியாதான். ரைசோபியம் என்கிற அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கிறது. அதனால்தான் பயறுக்கு யூரியா அதிகம் வேண்டாம் என்கிறோம். ஒரே செடியின் வேரில் ஒரு கூட்டு, அதன் நுனியில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்குள் இன்னொரு கூட்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரைசோபியம் மண்ணில் தனியாக வாழும். ஒவ்வொரு பருவமும் செடி அதை மண்ணிலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். பொட்டலத்தில் வாங்கி விதையில் கலக்கவும் முடியும். புக்னெராவை அப்படிப் பொட்டலத்தில் அடைக்க முடியாது. அசுவினியை விட்டு வெளியே வந்தால் அதற்கு வாழ்வே இல்லை.

அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு

நம் ஊர் மாதிரிச் சூடான நாடுகளில் அசுவினி பெரும்பாலும் முட்டை போடுவதில்லை. ஆணும் வேண்டியதில்லை. பெண் அசுவினி உயிருள்ள பெண் குஞ்சுகளையே ஈனும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதை நேரிலேயே பார்க்கலாம்: தாயின் பின்புறத்திலிருந்து குஞ்சு வால்பக்கம் முதலில் வரும், காலை உதறும், சற்று நேரத்தில் காயில் ஊன்றி நடக்கும். அந்தக் குஞ்சின் வயிற்றுக்குள் அதன் பிள்ளைகளும் ஏற்கெனவே உருவாக ஆரம்பித்திருக்கும். பாட்டி, அம்மா, பேத்தி மூவரும் ஒரே உடம்பில். அசுவினி கண் மூடித் திறப்பதற்குள் பெருகுவதற்கு இதுவே காரணம்.

குஞ்சு தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போதே, தாயின் பாக்டீரியோசைட்டிலிருந்து கொஞ்சம் புக்னெரா வெளியே வந்து கருவுக்குள் போய்விடும். ஆக, பிறக்கும்போதே குஞ்சு தன் பங்கைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. வழியில் எங்கும் தொற்றிக்கொண்டதில்லை, பக்கத்துப் பூச்சியிடமிருந்து வந்ததும் இல்லை. இந்தத் தாய்வழிச் சொத்து 15 கோடி வருடங்களுக்கு மேலாக அறுபடாமல் வந்துகொண்டிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்து உறவு.

இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்ததன் விளைவு புக்னெராவின் மரபணுக்களில் தெரிகிறது. மரபணு என்பது உடம்பில் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று எழுதிவைத்திருக்கும் குறிப்பு. ஒரு உயிரிடம் உள்ள எல்லாக் குறிப்புகளும் சேர்ந்த தொகுப்பு ஜீனோம். நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியா புக்னெராவுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் ஜீனோம் ஏறக்குறைய 46 லட்சம் எழுத்து நீளம், அதில் 4,000க்கு மேற்பட்ட மரபணுக்கள். பட்டாணி அசுவினியின் புக்னெராவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000இல் முழுதாகப் படித்து வெளியிட்டபோது, அதில் இருந்தது 6.4 லட்சம் எழுத்துதான். மரபணுக்கள் 600க்கும் குறைவு.

எது போனது, எது தங்கியது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. தன் வெளிச்சுவருக்கு வேண்டிய கொழுப்பைச் செய்யும் குறிப்புகள் போய்விட்டன. எதிரியிடமிருந்து தப்பவும், உணவு மாறினால் சமாளிக்கவும் வேண்டிய குறிப்புகளில் பெரும்பகுதி போய்விட்டது. சாதாரண அமினோ அமிலங்களைச் செய்யும் குறிப்புகளும் பெரும்பாலும் இல்லை, அவை அசுவினியிடமிருந்தே கிடைத்துவிடுகின்றன. ஆனால் அசுவினிக்குத் தேவையான அத்தியாவசிய அமினோ அமிலங்களைச் செய்யும் குறிப்புகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இருவரிடமும் உள்ள குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கிறது. இதைப் பார்த்தபின் "பூச்சிக்குள் கிருமி புகுந்துவிட்டது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அசுவினி என்று நாம் சொல்வதே இந்த இரண்டு உயிர்களும் சேர்ந்ததைத்தான்.

இதுவரை: பாக்டீரியா அசுவினியின் தனிச் செல்களுக்குள் வாழ்கிறது. சாற்றில் போதாத சத்தைச் செய்து கொடுக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. ஒன்றை விட்டு மற்றது வாழ முடியாத நிலைக்கு இரண்டும் வந்துவிட்டன.

மற்ற பூச்சிகளில்

வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, தத்துப்பூச்சி எல்லாமே சாறு உறிஞ்சிகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இப்படி ஒரு கூட்டு இருக்கிறது. பாக்டீரியா மட்டும் வேறு வேறு.

வெள்ளை ஈயில் இருப்பது போர்ட்டியெரா. இந்தப் பூச்சி முட்டை போடும் வகை. அதனால் தாய் ஒரு முழுப் பாக்டீரியோசைட்டையே முட்டைக்குள் வைத்து அனுப்பிவிடுகிறது.

எலுமிச்சையிலும் இன்னும் பல செடிகளிலும் வரும் மாவுப்பூச்சியின் கதையை நான் முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. அதற்குள் டிரெம்பிளயா என்ற பாக்டீரியா. அந்தப் பாக்டீரியாவுக்குள் மொரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியா. பாக்டீரியாவுக்குள் பாக்டீரியா குடியிருப்பதை 2001இல்தான் உறுதி செய்தார்கள். டிரெம்பிளயாவிடம் மிஞ்சியிருக்கும் மரபணுக்கள் புக்னெராவிடம் உள்ளதைவிட மிகமிகக் குறைவு. ஒரு அமினோ அமிலத்தைச் செய்ய ஏழெட்டுப் படிகள் இருந்தால், ஒரு படியை டிரெம்பிளயா செய்யும், அடுத்ததை மொரனெல்லா செய்யும், இன்னொன்றை மாவுப்பூச்சியே செய்யும். மூன்று பேரும் சேர்ந்தால்தான் ஒரு துண்டு தேறும்.

நெல்லைத் தாக்கும் புகையானைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் "எல்லாப் பூச்சிக்குள்ளும் பாக்டீரியா" என்று மொத்தமாகச் சொல்வதும் சரியில்லை. புகையானுக்குச் சோறு போடுவது பாக்டீரியா இல்லை, ஈஸ்ட் மாதிரியான ஒரு பூஞ்சை. பூச்சியின் கொழுப்புத் திசுவில் அது வாழ்கிறது. புகையானின் உடம்பில் சேரும் யூரிக் அமிலம் என்ற கழிவை எடுத்து மறுபடியும் உபயோகமான சத்தாக மாற்றிக் கொடுக்கிறது. இதுவும் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

குடும்பத்தார் வேறு, விருந்தாளி வேறு, பயணி வேறு

டீக்கடைக் குழப்பம் எல்லாம் இந்த இடத்தில்தான் உண்டாகிறது. பூச்சிக்குள் இருக்கும் நுண்ணுயிர்களை மூன்று தரமாகப் பிரித்துக்கொண்டால் தெளிவாகிவிடும்.

புக்னெரா, போர்ட்டியெரா போன்றவை முதல் தரம், குடும்பத்தார். இவை இல்லாமல் பூச்சி வளராது, பெருகாது. இவை செடிக்குள் போவதில்லை, செடிக்கு நோய் தருவதும் இல்லை.

இரண்டாவது விருந்தாளி: இருந்தால் இருக்கும், இல்லாவிட்டாலும் பூச்சி வாழும் என்ற வகை. ஒரே வயலில் ஒரு அசுவினியிடம் இருக்கும், பக்கத்து அசுவினியிடம் இருக்காது. ஆனால் இருந்தால் பூச்சிக்கு லாபம் உண்டு. இதற்கு நல்ல உதாரணம் ஹாமில்டோனெல்லா. அசுவினிக் கூட்டத்தில் ஒன்றிரண்டு உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில் காய்ந்து, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பொடிக் குளவி அசுவினிக்குள் முட்டை வைத்து, குளவிப் புழு உள்ளேயிருந்து தின்று வெளியே வந்ததன் அடையாளம் அது. நமக்கு நன்மை செய்யும் குளவி. ஹாமில்டோனெல்லா உள்ள அசுவினிகளில் பலவற்றில் அந்தக் குளவிப் புழு வளராமலே செத்துப்போகிறது. இதை 2003இல் பட்டாணி அசுவினியில் காட்டினார்கள். இன்னும் ஆச்சரியம், குளவிப் புழுவைக் கொல்லும் நஞ்சு அந்தப் பாக்டீரியாவைத் தொற்றியிருக்கும் ஒரு வைரஸிலிருந்து வருகிறது.

மூன்றாவது வகை, செடியிலிருந்து செடிக்குப் போவதற்காகப் பூச்சியில் ஏறிக்கொள்கிற பயணி. செடியை நோயாக்குவது இதுதான். உளுந்திலும் பாசிப்பயறிலும் வரும் மஞ்சள் தேமல் ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈ நோயுள்ள செடியில் உறிஞ்சும்போது வைரஸ் அதற்குள் போகிறது. குடலைத் தாண்டி, உடம்பு நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. அடுத்த செடியில் ஊசியைக் குத்தும்போது எச்சிலோடு இறங்குகிறது. வைரஸ் பாக்டீரியா அல்ல. மஞ்சள் தேமலுக்குப் போர்ட்டியெரா காரணமும் அல்ல.

பயணிகளில் பாக்டீரியாவும் உண்டு. அதனால்தான் குழப்பம் இன்னும் முறுகுகிறது. மக்வே பக்கம் எள் போடுகிறவர்களுக்குத் தெரியும்: சில செடிகளில் பூ பூக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பச்சையாய்ச் சிற்றிலைகள் அடர்ந்து நிற்கும், காய் பிடிக்காது. இதற்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற, சுவரில்லாத ஒரு பாக்டீரியா. தத்துப்பூச்சி அதைச் சுமந்து பரப்புகிறது. இப்படிப்பட்ட நோய்களை முதலில் வைரஸ் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1967இல் ஜப்பானில்தான் உண்மை தெரிந்தது. டெட்ராசைக்ளின் கொடுத்தால் நோய் அறிகுறி அடங்குகிறது என்பதும் அப்போது கிடைத்த தடயங்களில் ஒன்று. மருந்தை நிறுத்தினால் அறிகுறி திரும்பிவிடும். "பூச்சி கொண்டுவரும் கிருமிக்கு டெட்ராசைக்ளின்" என்ற பேச்சின் வேர் இங்கே இருக்கலாம் என்பது என் ஊகம். எள்ளில் நடந்ததை உளுந்துக்கும், பாக்டீரியாவில் நடந்ததை வைரஸுக்கும், பயணியில் நடந்ததைக் குடும்பத்தாருக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

விருந்தாளியும் பயணியும் கை கோக்கிற இடமும் உண்டு. சில வகை வெள்ளை ஈக்களில் விருந்தாளியாக இருக்கும் ஹாமில்டோனெல்லா செய்யும் ஒரு புரதம், தக்காளி இலைச்சுருட்டு வைரஸைப் பற்றிக்கொண்டு, பூச்சியின் உடம்பு நீரில் அது சிதைந்துவிடாமல் காப்பாற்றுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கேகூட பாக்டீரியா நோயை உண்டாக்கவில்லை, நோய் போகிற வழியில் துணைக்கு நிற்கிறது.

இதுவரை: குடும்பத்தார் பூச்சிக்குச் சோறு போடுகிறார்கள். விருந்தாளி சில சமயம் காவல் காக்கிறார். நோய் கொண்டுவருவது பயணி. மஞ்சள் தேமலில் அந்தப் பயணி வைரஸ்.

சரி, உள்ளே இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றால்?

ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். அசுவினிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் புக்னெராவை ஒழித்தால், அது உடனே சாவதில்லை. குள்ளமாகிறது, வளர்ச்சி நின்றுபோகிறது, குஞ்சு போடுவது மிகவும் குறைகிறது அல்லது அடியோடு நிற்கிறது. கேட்டதும் "அதுதானே வேண்டும்" என்று தோன்றும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் மருந்தைச் செயற்கைச் சாற்றில் கலந்து அதை மட்டுமே குடிக்கக் கொடுப்பார்கள், அல்லது ஊசியால் நேரே உடம்பில் ஏற்றுவார்கள். வயலில் இலை மேல் தெளித்த மருந்து இலை மேலேயே இருக்கும். பூச்சியின் ஊசி அதைத் தாண்டி உள்ளே போய்க் குழாயில் குடிக்கும். வெயிலில் மருந்து சிதையும், மீதி மண்ணில் இறங்கும். அங்கே ரைசோபியம் உட்பட நல்ல பாக்டீரியாக்கள் அடிபடும், தப்பிப் பிழைப்பவை மருந்துக்குப் பழகிப்போகும். அப்படிப் பழகியவை மனிதனிடம் வந்தால் மருத்துவமனையில் அந்த மருந்து பலிக்காது. மாத்திரையைக் கரைத்து அடிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். வைரஸுக்கு அது எப்படியும் கேட்காது.

இதே காரணத்தால்தான், புழுக்களுக்கு அடிக்கிற பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்தும் அசுவினியிடம் எடுபடுவதில்லை. இலையைக் கடித்துத் தின்கிற புழு அந்த மருந்தையும் சேர்த்துத் தின்னும். ஊசி போட்டுக் குடிக்கிற பூச்சி தின்பதில்லை.

வெயில் என்ன செய்கிறது என்பது வேறு கதை. புக்னெரா சூட்டைத் தாங்காது. வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் அசுவினிக்குள் அதன் எண்ணிக்கை குறைகிறது. அமெரிக்காவில் நான்சி மோரன் குழுவினர் 2007இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: புக்னெராவின் ஜீனோமில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப்போனால், குஞ்சுப் பருவத்தில் சூடு பட்ட அசுவினி பின்னால் பிள்ளை பெறுவதே அரிதாகிவிடுகிறது. அதே எழுத்து விடுபட்ட வகை, குளிர்ச்சியில் மற்றவற்றைவிட நன்றாகவே பெருகுகிறது. பனிக்காலத்தில் உளுந்தை மொய்க்கிற அசுவினி, ஏப்ரலில் வரும் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நெருங்கும்போது குறைந்துவிடுவதில் இந்தச் சூட்டுக்கும் பங்கு இருக்கலாம். இரைதின்னிகள், குளவிகள், செடி முற்றுவது என்று மற்றக் காரணங்களும் சேர்ந்துதான் இது நடக்கிறது.

வயலில் இந்த அறிவு எங்கே உதவும்?

முதலில் யூரியா. இந்தப் பூச்சிகளுக்குக் குறைவது அமினோ அமிலம் என்று பார்த்தோம். அதைச் செய்ய நைட்ரஜன் வேண்டும், யூரியா நைட்ரஜன் உரம். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி கரும்பச்சையாக மதமதவென்று வளரும், சாற்றில் அமினோ அமிலம் கூடும். பூச்சிக்கும் அதன் பாக்டீரியாவுக்கும் மூலப்பொருள் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நெல்லில் யூரியா அதிகம் போட்ட வயலில் புகையான் கூடுவதை ஆசிய நாடுகள் பலவற்றில் பார்த்தாகிவிட்டது. பயறில் வேர்முடிச்சு நன்றாக இருந்தால் யூரியாவுக்கு வேலையே இல்லை. பிடுங்கிப் பார்த்து, முடிச்சை நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு இருந்தால் அது வேலை செய்கிறது.

அடுத்தது, தாய்வழிச் சொத்து என்பதன் பொருள். முதலில் வந்து உட்காரும் ஒரு பெண் அசுவினியே ஒரு முழுக் குடும்பத்துக்கு விதை. துணை தேட வேண்டாம், பாக்டீரியாவையும் தேட வேண்டாம். அதனால் வாரம் இரண்டு தடவையாவது வரப்போரச் செடிகளின் நுனிகளைத் திருப்பிப் பார்த்து, ஆரம்பக் கூட்டங்களை நுனியோடு கிள்ளி எறிவது, பரவியபின் தெளிப்பதைவிட மேல். தெளிக்கத்தான் வேண்டும் என்றால் வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் போன்றவை பூச்சி மேல் நேரடியாகப் பட வேண்டும்; இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் பயனில்லை. பொறிவண்டும் அதன் முதலை போன்ற புழுவும், உப்பிய வைக்கோல் நிற அசுவினிகளும் கண்ணில் பட்டால் சில நாள் பொறுத்துப் பார்க்கலாம். கண்டதையும் அடித்தால் முதலில் சாவது இவைதான். மஞ்சள் தேமலுக்கு, நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிப் புதைப்பதும், தாங்கும் ரகம் கிடைத்தால் அதை விதைப்பதும்தான் வழி. பயணி ஏறுகிற நிலையத்தை மூடுவது அது.

கடைசியாக ஒரு பூச்சி. காய் பிடிக்கும் சமயம் நீளக்காலோடு, குளவி மாதிரிப் பறந்து வந்து காயில் குத்தி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியைத் தெரியும் அல்லவா? அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ரிப்டார்ட்டஸ் என்ற பூச்சிக்கும் ஒரு கூட்டுயிரி உண்டு: பர்க்கோல்டேரியா. ஆனால் இது தாயிடமிருந்து வருவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் குஞ்சாக இருக்கும்போது மண்ணிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது இது: ஃபெனிட்ரோதியான் என்ற பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்த மண்ணில், அந்த மருந்தையே சிதைத்துச் சாப்பிடும் பர்க்கோல்டேரியா பெருகுகிறது. அதை எடுத்துக்கொண்ட பூச்சிக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி அந்தத் தலைமுறையிலேயே வந்துவிடுகிறது. பூச்சியின் மரபணுவில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. ஒரே மருந்தை வருடா வருடம் ஒரே வயலில் அடிக்கும்போது, தாங்குகிற பூச்சியை மட்டுமல்ல, பூச்சிக்குத் தாங்கும் சக்தி கொடுக்கிற மண்ணையும் நாம் தயார் செய்துவிடக்கூடும். அடுத்த பருவத்துக்கு மருந்து வாங்கும் முன், போன வருடம் அதே வயலில் எதை அடித்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, வேறு வகை மருந்தாகக் கேட்டு வாங்குங்கள்.